சீவுதல்: ஒரு கத்தியும் அதைச் சூழ்ந்த சொற்களும்



இவ்வாண்டுச் சொற்பொழிவு வரிசையில் எனக்கு ஒதுக்கப்பட்ட பொருள் 'பொறியியல் புதுமைகளும் அன்றாட வாழ்வும்' என்பதாகும். அழைப்பு மடலைக் கண்டதும் சற்றுத் திகைத்தேன். நான் கற்றது மொழியியல். பழுதான மின்விசிறியைக்கூடப் பிறரிடம் கொடுத்தே சரிசெய்து கொள்ளும் இயல்பினை உடையவன். ஆயினும் இப்பொருளை ஏற்றுக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு கருவி ஒரு சமுதாயத்துள் நுழைந்ததும் அச்சமுதாயம் அதற்கு ஒரு பெயர் தேடுகிறது. யார் அப்பெயரை இடுகிறார்கள், எங்கிருந்து எடுத்து இடுகிறார்கள் என்று பார்த்தால், அக்கருவிக்கும் அம்மக்களுக்கும் இருந்த உறவு தெரிந்துவிடும். அந்த வழியாகவே இன்று பேச விரும்புகிறேன்.

பொறியியல் புதுமை என்றவுடன் கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரமும், ஈப்போவிலிருந்து தலைநகருக்கு விரையும் மின்தொடர்வண்டியும் நம் நினைவுக்கு வரும். நான் எடுத்துக்கொள்வது அவற்றினும் மிகச் சிறியது. ஒரு முழங்கை நீளம்கூட இல்லாத கத்தி. பால்மரம் சீவும் கத்தி. பீடோரைச் சூழ்ந்த தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டியரின் வாழ்க்கையை நாழிகை நாழிகையாக வகுத்தது அதுவே.

இரப்பர் மரம் இம்மண்ணுக்கு வந்த கதையை நீங்கள் அறிவீர்கள், சுருக்கமாகவே சொல்கிறேன். 1876-இல் என்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டு சென்ற விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அடுத்த ஆண்டு சிங்கப்பூரை அடைந்த கன்றுகளிற் சில நம் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. அக்காலத்து மரம் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. மரம் வந்துவிட்டது; ஆனால் அதிலிருந்து பாலை எவ்வாறு எடுப்பது என்பது தீராத சிக்கலாக இருந்தது. அமேசான் காட்டில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்தினார்கள். கொத்திய இடமெல்லாம் புண்ணாகி முடிச்சு விழுந்தது; மரம் நாளடைவில் நலிந்தது. காட்டில் ஆயிரம் மரம் இருக்கையில் அது பெரிதன்று. காசு போட்டு நட்டு வளர்த்த தோட்டத்துக்கு அம்முறை ஒவ்வாது.

1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற என்றி ரிட்லி என்னும் அறிஞர், 1890-களில் பல சோதனைகள் செய்து ஒரு வழி கண்டார். மரத்தைக் கொத்தக் கூடாது. பட்டையில் சாய்வாக ஒரு கோடு கீறி, அக்கோட்டின் கீழ் விளிம்பை மட்டும் ஒவ்வொரு முறையும் மிக மெல்லியதாக அகற்றிக்கொண்டே வரவேண்டும். பட்டையின் உட்புறத்தில் பால் ஓடும் நுண்குழாய்கள் உள்ளன. அவற்றுக்கும் உள்ளே, மரத்தை வளர்க்கும் மெல்லிய உயிரடுக்கு உள்ளது. கத்தி முன்னதைத் தொடவேண்டும், பின்னதைத் தொடலாகாது. இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு ஒரு மில்லிமீட்டர் அளவே. நுண்குழாய்கள் சற்றே சாய்ந்து செல்வதால், இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்த வெட்டே அதிகக் குழாய்களைத் திறக்கும். இவ்வாறு செய்தால் பட்டை மீண்டும் வளர்ந்துவிடும். ஒரே மரம் பல்லாண்டுகள் பால் தரும். இயந்திரம் எதுவும் இல்லை, மின்விசை இல்லை. ஆயினும் இதனைப் பொறியியல் என்று சொல்லத் தயங்கமாட்டேன். ஒரு நாட்டின் பொருளாதாரமே அந்த ஒரு மில்லிமீட்டரின்மேல் கட்டப்பட்டது.

இனிச் சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் இச்செயலைக் குறிக்க வழங்கும் 'டேப்பிங்' என்னும் சொல், பீப்பாயில் துளையிட்டுக் குழாய் பொருத்துவதிலிருந்து வந்தது. அச்சொல்லில் துளை இருக்கிறது. ரிட்லியின் முறையில் துளையே இல்லை. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர் என்ன பெயர் இட்டனர்? 'மரம் சீவுதல்' என்றனர். பென்சில் சீவுகிறோம், இளநீர் சீவுகிறோம். அவற்றுக்கெல்லாம் மேலாக, பனையிலும் தென்னையிலும் பாளை சீவுகிறோம். பாளையின் நுனியை ஒரே நாளில் வெட்டி எறிந்தால் கள் கிடைக்காது. நாள்தோறும் மெல்லிய வட்டமாக அதே இடத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்துச் சீவினால்தான் ஊறிக்கொண்டே இருக்கும். ஒரே காயத்தைக் கொல்லாமல் திறந்து வைத்திருக்கும் கலை அது. பனையேறியின் கையில் தலைமுறை தலைமுறையாக இருந்த அந்த அறிவு, அயல்நாட்டு மரத்தைக் கண்டதும் தன்னைத்தானே இனங்கண்டுகொண்டது என்று கருதுகிறேன். 'வெட்டுதல்' என்ற சொல்லும் வழங்கியது உண்மையே. 'பால்வெட்டு' என்று தொழிலைப் பொதுவாகக் குறித்தார்கள். ஆனால் கைத்திறனைப் பாராட்டும்போதும் பழிக்கும்போதும் 'சீவுதல்' என்றே சொன்னார்கள் என்பதை நான் பதிவு செய்த உரையாடல்களில் மீண்டும் மீண்டும் கேட்டிருக்கிறேன். நன்றாகச் சீவுகிற கை, சீவத் தெரியாத கை என்பார்கள்.

ஒரு கத்தி நாளை எவ்வாறு வகுத்தது என்று கேட்கலாம். இரவில் மரம் நீரை உறிஞ்சி இலைவழியே குறைவாகவே விடுகிறது. ஆகவே விடியலுக்கு முன் பட்டையின் உள்ளழுத்தம் மிகுந்திருக்கும். பால் பீறிட்டு வரும். வெயில் ஏற ஏற அழுத்தம் குறைந்து, ஓட்டம் தளரும். இது மரத்தின் உடற்கூறு. இந்த உடற்கூறுதான் விடியற்காலை இருளில் மணி அடித்தது. அதுதான் மக்களைப் 'பிரட்டு'க்கு நிறுத்தியது. பிரட்டு என்பது தோட்டத்தில் காலைப் பெயர்ப்பதிவு. படையணிவகுப்பைக் குறிக்கும் 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு என்பது பெருவழக்கான கருத்து. நானும் அதனை ஏற்கிறேன். கூலி வேலைக்குப் படைமுகாமின் சொல் வந்து ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. கிராணியும் தண்டலும் நின்று பெயர் கூப்பிட, தாய் தன் கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தன் நிரைக்குச் செல்வாள். ஏறத்தாழ ஐந்நூறு மரங்கள். சீவி முடித்துப் பசியாறி, பிறகு அதே ஐந்நூறு மரங்களுக்கும் திரும்ப நடந்து மங்குகளிலிருந்து பாலை வாளியில் ஊற்றவேண்டும். மழை பெய்தால் பட்டை நனைந்து பால் வழிந்தோடிவிடும். வேலை இல்லை, ஆகவே கூலியும் இல்லை. மழையை விரும்பாத ஒரு தமிழ்ச் சமுதாயம் உலகில் இருந்தது என்றால் அது நம்முடையதுதான். வான்சிறப்புப் பாடிய மொழியினர் வானத்தைப் பார்த்து அஞ்சினர்.

இடையில் 'நிரை' என்றேன். இச்சொல்லை ஆசிரியர்கள் யாப்பிலக்கணத்தில் கற்பிக்கிறீர்கள். பழம்பாடல்களின் ஆநிரையை விளக்கும்போதும் சொல்கிறீர்கள். தமிழகத்து நகரங்களில் பேச்சுவழக்கில் பெரிதும் மறைந்துவிட்ட அச்சொல், எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத்துப் பெண்ணின் வாயில் 'நெரை' என்று அன்றாடம் வழங்கியது. 'மங்கு' என்பதும் சுவையான சொல். மலாயில் கிண்ணத்தை 'மங்கோக்' என்பர். தமிழிலும் பீங்கான் கலத்தை மங்கு என்று சொல்வதுண்டு. இரண்டும் தோட்டத்தில் சந்தித்து ஒன்றையொன்று வலுப்படுத்தியிருக்க வேண்டும். பாலைச் சுமந்து சென்ற தோள்கழி 'காண்டா'. மலாயின் 'கண்டார்' அதன் மூலம். இரப்பரையே 'கித்தா' என்றனர். அது மலாயின் 'கெத்தா'. சீவுதல் தமிழ், காண்டா மலாய், பிரட்டு ஆங்கிலம். கலப்பு என்று மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு. தேவைக்கு எடுத்து, தன் நாவுக்கேற்ப வளைத்து, வேலைக்குப் பயன்படுத்திய ஒரு மொழியின் உடல்நலம் என்றே நான் இதனைக் கருதுகிறேன்.

இவ்வளவும் யாருக்காக? 1888-இல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் ஜான் டன்லப் தம் மகனின் மூன்றுருளி மிதிவண்டிக்குக் காற்றடைத்த உருளையைச் செய்தார். 1908-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் என்றி போர்டு எளியோரும் வாங்கத்தக்க மோட்டார் வண்டியை வெளியிட்டார். 1913-இல் நகரும் தொடர்வரிசையில் அதனைக் கட்டத் தொடங்கினார். அங்கு ஒரு வண்டி விரைவாக முடிந்தால், இங்கு ஒரு காடு விரைவாக அழிந்து தோட்டமானது. அந்த வண்டிகளைக் கண்ணால் காணாதவர்கள் அவற்றின் காலுக்குச் செருப்புத் தைத்தார்கள்.

பால் கொட்டகையில் வேறொரு கருவி காத்திருந்தது. மரத்துப் பாலில் இரப்பர் மூன்றிலொரு பங்கைச் சற்றே கடக்கும். எஞ்சியது பெரும்பாலும் நீர். வாளியின் எடையை மட்டும் பார்த்துக் கூலி கொடுத்தால் நீர் சேர்ப்பவர் பயனடைவார். ஆகவே 'மெட்ரோலாக்' என்னும் மிதவைக் கருவியைக் கொண்டு பாலின் அடர்த்தியை அளந்தார்கள். அறிவியல்படி அது நேர்மையான கருவியே. ஆனால் அதன் அளவுக்கோட்டைப் படித்தவர் கிராணி. படிக்கத் தெரியாதவர் பாலைச் சுமந்து வந்தவர். தம் கூலியைத் தீர்மானித்த கருவிக்குத் தொழிலாளர் தாமே பெயரிட்டதாக எனக்கு ஒரு சான்றும் கிட்டவில்லை. கத்திக்கும் கழிக்கும் கிண்ணத்துக்கும் வட்டச்சொற்கள் உண்டு. தங்கிய கழிவுக்குக்கூட 'ஒட்டுப்பால்', 'கட்டிப்பால்' என்று வேறு வேறு பெயர் உண்டு. மெட்ரோலாக் மட்டும் மெட்ரோலாக்காகவே நின்றது. கையில் பிடிக்க விடாத கருவிக்கு மக்கள் பெயரிடுவதில்லை போலும்.

ஈயத்தைப் பற்றிப் பேசாமல் பேராக்கைப் பற்றிப் பேசமுடியாது. ஆனால் அது தனிச் சொற்பொழிவுக்கு உரியது. ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். தஞ்சோங் துவாலாங்கில் காட்சிக்கு நிற்கும் ஈயம் அள்ளும் பெருமிதவை 1938-இல் கட்டப்பட்டு 1982 வரை உழைத்தது. அவ்வகை மிதவையை மலாயில் 'கப்பால் கோரேக்', தோண்டும் கப்பல் என்பர். அந்தக் 'கப்பால்' நம் கப்பல்தான். பல நூற்றாண்டுகளுக்கு முன் கடல்கடந்து போன தமிழ்ச்சொல். குளத்தில் மிதந்து மண்ணைத் தின்ற இரும்புப் பூதத்துக்குத் தமிழ்ப் பெயர் முன்பே காத்திருந்தது.

சாலையும் அவ்வாறே தன் சொற்களைக் கொடுத்தது. 'சடக்கு' என்று நம் மூத்தோர் சொல்வது இந்துஸ்தானியின் 'சடக்'. சாலையோரம் நட்ட மைல்கல் 'கட்டை' ஆயிற்று. கட்டையே தொலைவின் அளவாயிற்று. 'மூணாங்கட்டை' என்றால் இடமும் தெரியும், தொலைவும் தெரியும். நாடு கிலோமீட்டருக்கு மாறிய பின்னும் கட்டையை விடாத முதியவர்கள் இந்த மண்டபத்தில் இருப்பீர்கள். 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையடைந்த பின், ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே ஓடுபவர் பீடோர் கடைத்தெருவைப் பார்க்காமலே போகலாம். கொய்யாவுக்காகவும் உணவுக்காகவும் இன்னும் பலர் இறங்கி வருகிறார்கள் என்பது நம் ஊரின் நல்லூழ்.

இனி, அந்தக் கத்தி எவ்வாறு ஓய்ந்தது என்பதைப் பார்ப்போம். 1970-களில் பட்டையில் பூசும் எத்தரல் என்னும் ஊக்கமருந்து வந்தது. மருந்து பூசினால் பால் நெடுநேரம் ஓடும். ஆகவே மரத்தை அடிக்கடி சீவ வேண்டியதில்லை. ஆகவே அத்தனை கைகளும் வேண்டியதில்லை. அதற்கு முன்பே செம்பனை பரவத் தொடங்கியிருந்தது. 1990-ஐ ஒட்டி நாட்டில் இரப்பர் நிலப்பரப்பைச் செம்பனை விஞ்சியது. செம்பனைக்கு விடியல் என்ற ஒன்று இல்லை. ஒரு மரத்துக்குப் பத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை சென்றால் போதும். நீண்ட கழியில் கட்டிய அரிவாளை மேல்நோக்கி இழுத்துக் குலையறுக்கும் வேலையில் தோள்வலிமைக்கே முதலிடம். விரல்நுனியின் நுட்பத்துக்கு அங்கே இடம் குறைவு. அந்த நுட்பத்தில் ஆண்களுக்கு நிகராகவும், பல தோட்டங்களில் அவர்களை விஞ்சியும் விளங்கியவர்கள் பெண்கள். அவர்களுக்கு உதிரிப்பழம் பொறுக்குவதும் உரம் போடுவதும் எஞ்சின. லயங்கள் காலியாயின. மக்கள் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தனர். இம்மாற்றத்தை அழுகைக்கதையாக மட்டும் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. விடியற்காலை இருளில் பாம்புக்கு அஞ்சி நடந்த தாயொருத்தி, தன் மகள் குளிரூட்டிய அலுவலகத்துக்கு எட்டு மணிக்குச் செல்வதைப் பார்த்து மகிழ்வதே முறை.

ஆனால் ஒரு பிழையை இந்த மேடையில் ஒப்புக்கொள்ள வேண்டும். அது என் பிழை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடநூற்குழுவில் அமர்ந்திருந்தேன். தொழில்கள் பற்றிய பாடமொன்றில் 'மரம் சீவுதல்', 'நிரை', 'காண்டா' ஆகிய சொற்களை ஓர் ஆசிரியர் எழுதியிருந்தார். மாணவர்க்குச் செந்தமிழ் வேண்டும் என்று வாதிட்டு, 'இரப்பர்ப் பால் சேகரித்தல்', 'வரிசை', 'சுமைக்கழி' என்று நானே திருத்தினேன். முனைவர் பட்டம் பெற்றவன் சொன்னதால் எவரும் மறுக்கவில்லை. 'சேகரித்தல்' என்ற சொல்லில் கத்தி இல்லை, பட்டை இல்லை, ஒரு மில்லிமீட்டர் இல்லை. மரத்தடியில் பால் தானாகக் கிடந்தது போலவும் அதை அள்ளிவந்தது போலவும் ஆகிவிட்டது. 'நிரை'யை நீக்கிய என் அறியாமையை எண்ணினால் இன்றும் நாணுகிறேன். அது என் 'வரிசை'யைக் காட்டிலும் தொன்மையான தமிழ்.

இதன் விளைவை நான் கண்டது வகுப்பறையில் அன்று; ஒரு மருத்துவமனையில். மூன்றாண்டுகளுக்கு முன் என் சின்னம்மாவைத் தோள்வலிக்காக அழைத்துச் சென்றேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பால்வெட்டில் இருந்தவர். மருத்துவர் இளம்பெண், நகரத்தில் வளர்ந்த தமிழ்ப்பெண், மிகுந்த பரிவுடன், "பாட்டி, எப்ப இருந்து வலிக்குது?" என்று தமிழிலேயே கேட்டார். சின்னம்மா, "காண்டா தூக்குன தோளும்மா, அது அப்பவே போயிருச்சு" என்றார். மருத்துவருக்கு விளங்கவில்லை. காண்டா என்பதை ஓர் ஆளின் பெயர் என்று எண்ணிக்கொண்டு, "யாரு தூக்கினாங்க பாட்டி?" என்றார். சின்னம்மா என்னைப் பார்த்தார். பிறகு மூலையில் இருந்த குடையை எடுத்து, குறுக்காகத் தோளில் வைத்து, இரு முனையிலும் வாளிகள் தொங்குவதாகக் கையால் காட்டி, மேடும் பள்ளமுமான நிலத்தில் நடப்பது போல அந்தச் சிறிய அறையில் நான்கு எட்டு நடந்தார். மருத்துவர் எழுந்து வந்து அந்தத் தோளைத் தொட்டுப் பார்த்து, எந்தப் பக்கம் சுமப்பீர்கள், எத்தனை வயதிலிருந்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். ஒரு சொல் இருந்திருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். குடை கையில் இல்லாத ஒரு பாட்டி என்ன செய்திருப்பார் என்று திரும்பி வரும்போது எண்ணினேன்.

இன்றைய கருவிகளுக்கு வருகிறேன், நேரமும் ஆகிறது. கணினிக்கும் கைப்பேசிக்கும் தமிழைக் கொண்டுவந்ததில் மலேசியர்க்குத் தனிப்பங்கு உண்டு. முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலும், பின்னர் வந்த செல்லினமும் உலகத் தமிழர் விரல்களில் தமிழை ஓடவிட்டன. பெயரிடுவதிலும் நாம் பின்தங்கவில்லை. 'வாட்சாப்'பைப் 'புலனம்' என்று நம் ஆசிரியர்களும் செய்தியாளர்களும் விடாது சொல்லி நிலைக்க வைத்தார்கள். மேசையில் பிறந்த சொல்லும் உயிர் பெறும் என்பதற்கு அது சான்று; நான் முன்னர் நம்பாததை அது எனக்குக் கற்பித்தது.

ஆயினும் ஒரு வேறுபாட்டைக் காண்கிறேன். 2020-இல் பெருந்தொற்று வந்தபோது, கடைக்குள் நுழையக் கைப்பேசியை நீட்டிக் கறுப்பு வெள்ளைச் சதுரத்தைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. பேரப்பிள்ளைகள் 'ஸ்கேன் பண்ணுங்க பாட்டி' என்றார்கள். அந்தப் பாட்டிதான் ஒரு காலத்தில் ரிட்லியின் முறைக்குப் பனைமரத்திலிருந்து பெயர் கொண்டுவந்த கூட்டத்தின் வழிவந்தவர். சதுரத்துக்கு அவர் பெயர் எதுவும் வைக்கவில்லை. கருவியைத் திறந்து பார்க்க வழியில்லை, தீட்ட வேண்டியதில்லை, அதில் கைத்தேர்ச்சி என்று ஒன்றில்லை. மெட்ரோலாக்கைப் போல அதுவும் தன் பெயரோடேயே வந்தது, தன் பெயரோடேயே போயிற்று. பொறியாளர்களாகப் போகும் இளையோர் இங்கு பலர் இருக்கிறீர்கள். பாட்டி கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, ஒரு பெயர் வைக்கத் துணியும்படி ஒரு கருவியை உங்களால் செய்யமுடியுமா என்று கேட்க விரும்புகிறேன். அதற்கான விடை மொழியியலில் இல்லை.

நான் செய்யக்கூடியது சிறிது. ஓய்வு பெற்ற பின் தோட்டத்துச் சொற்களை அட்டைகளில் எழுதி வருகிறேன். கருவியை வரைந்து, அதன் உறுப்பு ஒவ்வொன்றுக்கும் பெயரெழுதி, சொன்னவரின் தோட்டத்தைக் குறிக்கிறேன். மரத்தின் படம் ஏறத்தாழ நிரம்பிவிட்டது. ஓரிடம் மட்டும் காலியாக உள்ளது. சீவிய கோட்டின் கீழ்முனையில், பால் மங்குக்குள் சொட்டுவதற்காகப் பட்டையில் செருகும் சிறு தகட்டுத் துண்டு இருக்குமல்லவா, அதன் பெயர். சின்னம்மாவைக் கேட்டேன். "நாக்கு மாதிரி இருக்குமே" என்று சொல்லி, சுட்டுவிரலை மடக்கிக் காட்டி, நெடுநேரம் யோசித்தார். சொல் வரவில்லை. மறுநாள் தொலைபேசியில் அழைத்து, இன்னும் வரவில்லை என்றார். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மாக்களில் எவருக்கேனும் அது நினைவிருந்தால், தேநீர் வேளையில் என்னிடம் சொல்லுங்கள். அட்டையும் பென்சிலும் கொண்டு வந்திருக்கிறேன்.